டிஸ்லொகேஷனுக்கு என்ன சொல்லு? வெள்ளிக்கிழமை அச்சு

உப்புவெளி ரீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். செப்புப் பளிங்கின்ட (copper crystal) கட்டமைப்பு பற்றி பிள்ளையளுக்கு தமிழ்ல ஒரு சின்னக் கையேடு செய்யிறன், வெள்ளிக்கிழமை அச்சுக்குக் குடுக்கோணும். சாலகம் (அணுக்கள் அடுக்கின ஒழுங்கு, lattice), அலகுக்கூடு (திரும்பத் திரும்ப வாற சின்னக் கூடு, unit cell), முகமையக் கனம் (மூலையிலயும் முகத்து நடுவிலயும் அணு இருக்கிற கனசதுரம்) எல்லாம் ஒரு மாதிரி ஒப்பேத்தியாச்சு, டிஸ்லொகேஷன் (dislocation) எண்ட சொல்லுல வந்து நிக்கிறன். குறையே இல்லாத செப்புப் பளிங்கு எண்டா அதைச் சறுக்க வைக்க கணக்குப்படி எக்கச்சக்க விசை வேணும், ஆனா உண்மையான தனிப்பளிங்குக்கு அதில ஆயிரத்தில ஒரு பங்குகூட தேவையில்ல. ஏனெண்டா அணுத்தளம் முழுக்க ஒரேயடியா சறுக்கிறேல்ல, நடுவில அரைகுறையா முடியிற ஒரு தளத்தின்ட விளிம்புதான் கொஞ்சம் கொஞ்சமா நகருது, பாயை இழுக்காம பாயில விழுந்த மடிப்பை மட்டும் தள்ளிக்கொண்டு போற மாதிரி. 1934ல டெய்லர், ஒரோவன், பொலானி மூண்டு பேரும் தனித்தனியா சொன்ன விசயம். அந்த விளிம்புக் கோடுதான் டிஸ்லொகேஷன், அதுக்கு இடப்பெயர்வு எண்டு போடட்டோ?

மூதூர் தம்பி:
வேணாம் ரீச்சர். இடப்பெயர்ச்சி (displacement) எண்டு ஏற்கனவே ஒண்டு இயக்கவியல்ல இருக்கு, பிள்ளையள் ரெண்டையும் குழப்பும். அதோட எங்கட ஊர்ல இடப்பெயர்வு எண்டா 2006ல சண்டைக்குள்ள கந்தளாய்க்கு ஓடினதுதான் ஞாபகம் வரும்.

தம்பலகாமம் பண்டிதர் ஐயா:
முதல்ல கையேட்டின்ட தலைப்பைப் பாருங்கோ. பெயர்ச்சொல் செம்பு. செம்பு + குடம் செப்புக்குடம், இரும்பு + பாதை இருப்புப்பாதை, மென்றொடர் வன்றொடர் ஆகிறது, அதாவது ம் ப் ஆகிறது, புணர்ச்சியில மட்டும்தான். மூலகத்தின்ட பேரையே செப்பு எண்டு எழுதி எழுதி பாடப்புத்தகம் கெடுத்துப்போட்டுது. செம்மையில இருந்து வந்த சொல்லு அது, நிறத்தைப் பாத்து வைச்ச பேர்.
இனி உங்கட கேள்வி. நன்னூல்லயே விடை கிடக்கு: தோன்றல், திரிதல், கெடுதல். இடைவெளிக்குள்ள ஒரு அணு அதிகமா வந்தா தோன்றல், செம்பு இருக்க வேண்டிய இடத்தில நாகம் (zinc) இருந்தா திரிதல், அணுவே இல்லாட்டி கெடுதல். மூண்டும் சேர்ந்து விகாரம். இதை விட என்ன வேணும்?

கிண்ணியா நானா:
ஐயா, சோக்கான பொருத்தம்தான், ஆனா மூண்டும் ஒரு அணு இடத்தில மட்டும் வாற புள்ளிக் குறைபாடு. ரீச்சர் கேக்கிறது ஒரு கோடு நீளத்துக்கு வாற கோட்டுக் குறைபாடு. அதோட விகாரம் எண்டா எங்கட பௌதிகத்தில தகைப்புக்குப் (stress) பக்கத்தில நிக்கிற விகாரம் (strain), ஒரே பக்கத்தில ரெண்டு விகாரம் வந்தா புள்ள என்ன செய்யும்? நான் சொல்றது பிசகு. கை பிசகிட்டு எண்டு ஆரும் சொல்லுவாங்க, விளக்கமே தேவல்ல. செப்பு வயரை நாலு தரம் வளைச்சுப் பாருங்க, இறுகிப் போகும். பிசகு கூடிக் கூடி ஒண்டோட ஒண்டு சிக்கி நகரேலாம நிக்கிறதாலதான் அது. சூடாக்கினா பிசகு குறைஞ்சு திரும்ப இளகும்.

திருச்சியிலிருந்து:
குறுக்கிடுறதுக்கு மன்னிக்கணும். பளிங்குன்னா எங்க பக்கம் மார்பிள் தரைன்னு நெனச்சுக்குவாங்க, படிகம்னு போட்டா ரெண்டு நாட்டுக்கும் ஆகும்ல?

பண்டிதர் ஐயா:
"அடுத்தது காட்டும் பளிங்குபோல்" எண்டு வள்ளுவர் சொன்னது உங்கட தரையையோ தம்பி?
பிசகு கொச்சை. வேணுமெண்டா தளைதட்டு எண்டு வையுங்கோ, செய்யுள்ல சீரும் சீரும் சேர்ற இடத்தில வாற பிழைக்குச் சொல்ற சொல்லு. தளை எண்டாலே கட்டு, அணுக்கட்டு ஒழுங்கா வந்து ஒரு இடத்தில தட்டுது. யாப்பும் விஞ்ஞானமும் ஒண்டாகுது.

மூதூர் தம்பி:
அழகான சொல்லு ஐயா, ஆனா கணிதப் பிரிவுப் பிள்ளைக்கு முதல்ல வெண்பா படிப்பிக்க வேண்டி வரும். தட்டின தளை நகருது எண்டு எழுதினா யாப்பு ஆசிரியர் அழுவார். சேருவிலயில செப்புத்தாது இருக்கெல்லோ, அந்தப் பளிங்கையும் கையேட்டில சேர்க்கலாமோ?

கிண்ணியா நானா:
அது கல்கோபைரைற்று தம்பி, இரும்பும் கந்தகமும் சேர்ந்தது, அலகுக்கூடு கனமே இல்ல. செப்பெண்டா முகமையக் கனம், ஒரு பக்கம் 0.3615 நனோமீற்றர், கூட்டுக்கு நாலு அணு. 1914ல பிராக் எக்ஸ் கதிர் வைச்சு கண்டது. பிசகு ஓடுற சறுக்கல் தளம் நாலு, ஒவ்வொண்டிலயும் திசை மூண்டு, ஆக பன்னிரண்டு வழி இருக்கிறதாலதான் செப்பு இவ்வளவு இளக்கம். சேருவில தாதை இதுக்குள்ள கொண்டு வந்தா கையேடு முடியாது.

உப்புவெளி ரீச்சர்:
நாளைக்கு வெள்ளி. பிசகு எனக்குப் பிடிச்சிருக்கு, ஆனா பிசகு அடர்த்தி எண்டு எழுதிப் பாத்தன், சிரிப்பு வருது. பிறழ்வு எண்டா விளிம்புப் பிறழ்வு (edge), திருகுப் பிறழ்வு (screw), பிறழ்வு அடர்த்தி எல்லாம் ஓடுது. உயிரியல்காரர் தங்கட நிறமூர்த்தப் (chromosome) பிறழ்வு எண்டு சண்டைக்கு வந்தா வரட்டும். பிறழ்வு எண்டு போடுறன்.

மூதூர் தம்பி:
சரி.

திருச்சியிலிருந்து:
எனக்கும் ஓகே. படிகம்?

கிண்ணியா நானா:
போடுங்க ரீச்சர். வகுப்பில நான் பிசகு எண்டுதான் சொல்லுவன்.

பண்டிதர் ஐயா:
என்ட எதிர்ப்பைப் பதிஞ்சு கொள்ளுங்கோ. திருகு மட்டும் நல்லாயிருக்கு. அட்டையிலயாவது செம்புப் பளிங்கு எண்டு போடுவீங்களோ?

உப்புவெளி ரீச்சர்:
அட்டை நேத்தே அடிச்சாச்சு ஐயா. அதோட பளிங்கு முன்னால வந்தா உங்கட விதிப்படியே செப்புதானே?