பாரின் விளிம்பில் தூண்டில்: படகை எங்கே நிறுத்துகிறீர்கள்?

திருச்செந்தூர் பக்கத்திலிருந்து

கடலடியில் பார், அதாவது கல்மேடு, சட்டென்று பள்ளமாக இறங்கும் இடத்தில் மீன் கூடும் என்பது ஊரறிந்த விஷயம். படகை எங்கே நிறுத்துவது என்பதில்தான் நான் இரண்டு வருடம் கோட்டை விட்டேன்.

எனக்கு ஆபீஸ் வேலை. சனிக்கிழமை மட்டும் மீன்பிடி. ஞாயிறு எங்கள் பக்கத்துக் கடலோர ஊர்களில் பூசை நாள், படகு இறக்க மாட்டார்கள். நான் போகும் ஃபைபர் படகு அறுபதைத் தாண்டிய ஒரு அண்ணாச்சியுடையது. அவர் கணக்கெல்லாம் பாகம்தான். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், சுமார் 6 அடி. நாங்கள் போகும் பாரின் உச்சி 12 பாகம். கிழக்கே 19 பாகத்துக்கு இறங்குகிறது.

அன்று நான் சொன்ன இடத்தில், பாரின் உச்சிக்கு மேலேயே நங்கூரம் போட்டோம். அங்கிருந்து பள்ளத்தை நோக்கி வீசினேன். கணவாய்த் துண்டை ஏதோ பலமாக இழுத்தது. மூன்று சுற்று சுற்றியிருப்பேன், கை லேசாகிவிட்டது. எடுத்துப் பார்த்தால் தங்கூசி நரம்பின் (நைலான் தூண்டில் கயிறு) நுனி ஒரு சாண் நீளத்துக்குச் சொரசொரவென்று வெளுத்துப் போயிருந்தது. அண்ணாச்சி அதை விரலால் தடவிப் பார்த்தார். “தம்பி, மேட்டுல நின்னு பள்ளத்து மீன இழுத்தா நரம்பு கல்லுலதான உரசும்? நாம பள்ளத்துல நிக்கணும், மீன வெளிய இழுக்கணும்.”

எத்தனை வீடியோ பார்த்திருப்பேன்! இது எனக்குத் தோன்றவே இல்லை.

அப்புறம் அவரே இடம் பார்த்தார். ஈயக்குண்டின் அடிக்குழியில் துணி சோப்பை அப்பி இறக்கினார். தூக்கினால் மணல் ஒட்டியிருந்தது. கொஞ்சம் நகர்ந்து மறுபடி இறக்கினார். இந்த முறை டக்கென்று தட்டியது கையில் தெரிந்தது, சோப்பில் மணல் இல்லை, ஒரு கீறல் மட்டும். அதுதான் கல்.

அன்று நீரோட்டம், அவர் சொல்லில் நீவாடு, மேட்டிலிருந்து பள்ளத்துக்குப் போனது. அப்படி இருந்தால் வேலை சுலபம். நங்கூரத்தை மேட்டில் போட்டுக் கயிற்றை விட்டுக்கொண்டே போனால் படகு தானாக விளிம்பைத் தாண்டி, பள்ளத்துக்கு மேல் வந்து நிற்கும். பள்ளத்திலிருந்து மேட்டை நோக்கி ஓடினால்தான் சிக்கல். ஓடும் தண்ணீர் வந்து மோதும் முகத்தில்தான் மீன் இரைக்குக் காத்து நிற்கும், ஆனால் படகை அது மேட்டுக்குத் தள்ளிக்கொண்டே இருக்கும். அன்றைக்கு நங்கூரமே வேண்டாம். பள்ளத்தில் தள்ளிப் போய் எஞ்சினை அணைத்து, மிதந்தபடி வந்து, விளிம்பு வந்ததும் தூண்டிலை எடுத்துக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

இடம் மாறிய பிறகு ஒரு களவா மீன், நாலு கிலோ இருக்கும். கொத்தியதும் அது பொந்துக்குள் திரும்பும் முன்பே நாலைந்து பாகம் தூக்கிவிட வேண்டும். அதில் தயங்கினால் போச்சு.

சென்னையிலிருந்து

அண்ணாச்சியின் சோப்பு வேலையை எங்கள் ஃபிஷ் ஃபைண்டர், ஒலி அனுப்பிக் கடலடியைத் திரையில் காட்டும் கருவி, செய்கிறது. ஆனால் திரையைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பி நான் நிறைய ஜிக் (மீன் போலச் செய்த உலோக இரை) இழந்திருக்கிறேன். அது அனுப்பும் ஒலி கூம்பு மாதிரி விரிகிறது. 20 டிகிரி கூம்பு என்றால் 40 மீட்டர் ஆழத்தில் சுமார் 14 மீட்டர் அகலம். அந்த அகலத்துக்குள் எது மேடோ அதைத்தான் முதலில் காட்டும். அதனால் எந்தப் பக்கமிருந்து போனாலும் விளிம்பு, உண்மையில் இருப்பதைவிடப் பள்ளத்துப் பக்கம் தள்ளியே தெரியும். சரிவை ஒட்டி நிற்கும் மீன் திரையில் வராமலே போகலாம். “திரையில் மீனே இல்லை” என்று கிளம்பிய இடத்தில் பக்கத்துப் படகு பாறை மீன் பிடித்ததைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

இன்னொன்று, நரம்பு செங்குத்தாக இறங்குகிறதா என்று பாருங்கள். சாய்ந்துகொண்டே போனால் ஜிக் நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. 80 கிராம் ஜிக்கில் பிடிவாதமாக இருந்த நான் இப்போது சட்டென்று 150க்கு மாறிவிடுகிறேன்.

இராமநாதபுரத்திலிருந்து

சின்னக் களவாவைத் திரும்ப விடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்த ஆழத்திலிருந்து வேகமாகத் தூக்கும்போது உள்ளே காற்றுப்பை விரிந்து, இரைப்பை வாய் வழியாகப் பிதுங்கி நிற்கும். அதையே காற்றுப்பை என்று நினைத்து ஊசியால் குத்துகிறார்கள். நானும் குத்தியிருக்கிறேன். அப்படியே தண்ணீரில் விட்டாலும் மீன் மல்லாந்து மிதக்கும், கடற்காக்கை கொத்திவிடும். இப்போது முள் நீக்கிய கொக்கியில் கனமான ஈயத்தைத் தலைகீழாகக் கட்டி, மீனின் கீழ் உதட்டில் மாட்டிக் கீழே இறக்குகிறேன். அடியில் போய் ஒரு சுண்டு சுண்டினால் கழன்று போய்விடும்.

மறுபடி திருச்செந்தூர்

ஈயக்குண்டு கல்லில் மாட்டுவது பற்றித் தனியே ஒருவர் கேட்டிருந்தார். குண்டை மட்டும் மெல்லிய நரம்பில் கட்டுங்கள். மாட்டினால் குண்டோடு போகட்டும், மீன் மிஞ்சும்.

என் சந்தேகம் வாடைக் காற்றில்தான். காற்று ஒரு பக்கம், நீவாடு ஒரு பக்கம் என்றால் நங்கூரத்தில் நிற்கும் படகு ஆடி ஆடி மேட்டுக்கும் பள்ளத்துக்கும் போய் வருகிறது. அப்போது என்ன செய்வீர்கள்? அண்ணாச்சி அந்த மாதிரி நாளில் தூண்டிலைத் தொடவே மாட்டார். ஃபிளாஸ்க்கைத் திறந்து டீ ஊற்றிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்.