லிஃப்ட் போட்ட ஹைலக்ஸ்: கிளம்பும்போது வண்டி உதறுகிறது, எதைப் பார்ப்பது?

பாலையூரான் (மஸ்கட்)

அனைவருக்கும் வணக்கம். வண்டி டொயோட்டா ஹைலக்ஸ், டபுள் கேப், ஃபோர் வீல், 2.7 பெட்ரோல், ஆட்டோமேட்டிக். பண்ணைகளில் தண்ணீர் மோட்டார் சர்வீஸ் செய்வது என் வேலை. நிஸ்வா, இஸ்கி, சமாயில் பக்கம் பல தோட்டங்களுக்கு வாதியில் (காட்டாற்றுப் படுகையில்) இறங்கி ஏறித்தான் போக வேண்டும். கல்லில் அடி தட்டிக்கொண்டே இருந்ததால் போன மாதம் வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டேன். முன்னால் ஸ்ட்ரட், பின்னால் புதுப் பட்டை (லீஃப் ஸ்பிரிங்). பெட்டியில் 50 மி.மீ. என்று போட்டிருந்தது. பட்டை ‘300 கிலோ நிரந்தரச் சுமை’ வகை. சாமான் ஏற்றுகிற வண்டிதானே என்று கடையில் அதையே எடுக்கச் சொன்னார்கள். ஆனால் நான் ஏற்றுவது கருவிப் பெட்டி, கொஞ்சம் பைப், எப்போதாவது ஒரு மோட்டார். கூடவே டயரையும் 265/65-இலிருந்து 265/70 ஆர் 17 ஆல் டெர்ரெய்னுக்கு மாற்றினேன்.

அன்றிலிருந்து இரண்டு தொந்தரவு. சிக்னலில் நின்று கிளம்பும்போது 15-இலிருந்து 40 கி.மீ. வேகத்துக்குள் சீட்டுக்கு அடியில் தடதடவென்று ஓர் உதறல். மெதுவாக மிதித்தால் குறைவு, அழுத்தி மிதித்தால் அதிகம். இன்னொன்று, 100-ஐ ஒட்டி ஸ்டியரிங்கில் மெல்லிய நடுக்கம், 115 தாண்டினால் குறைந்துவிடும்.

வீல் பேலன்ஸும் அலைன்மென்ட்டும் மறுபடி செய்தாகிவிட்டது. லிஃப்ட் போட்ட பட்டறையில், கியர் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குப் போகும் சுழல் தண்டைக் காட்டி, “ஷாஃப்ட் போய்விட்டது, செட்டாக மாற்றுங்கள்” என்கிறார்கள். முந்தைய நாள் வரை நன்றாக ஓடிய ஷாஃப்ட் ஒரே நாளில் எப்படிப் போகும்? பணத்தைக் கொட்டுவதற்கு முன் நானே எதையாவது பார்க்க முடியுமா?

கொங்கு ஓட்டுநர் (தோஹா)

ஆல் டெர்ரெய்ன் டயர்தான் நண்பரே. கட்டை கனம், பேலன்ஸ் எளிதில் நிற்காது. பழைய டயரைக் கடன் வாங்கியாவது மாட்டிப் பாருங்கள். என் வண்டியில் அப்படித்தான் தீர்ந்தது.

ஷாஃப்ட் பட்டறை (ஷார்ஜா)

தம்பி, ஷாஃப்ட்டை மாற்றாதீர்கள். நாமக்கல்லில் லாரி ஷாஃப்ட் வேலையில் தொடங்கி இப்போது இங்கே பிக்கப் வேலை பார்க்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்த உடனேயே இது இரண்டு தனித்தனி நோய் என்று தெரிகிறது. இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் பட்டறையில் குழம்புகிறார்கள்.

தோஹா தம்பி சொன்ன டயர் 100-இல் வரும் நடுக்கத்துக்குப் பொருந்தும். கிளம்பும்போது வரும் உதறலுக்குப் பொருந்தாது. பேலன்ஸ் இல்லாத சக்கரம் உதைக்கும் விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 100-இல் உதைப்பதில் பதினொன்றில் ஒரு பங்குதான் 30-இல் இருக்கும். 100-இல் மெல்லிதாக நடுங்குகிற டயரால் 30-இல் சீட்டைத் தடதடக்க வைக்க முடியாது. அதோடு, மிதிக்க மிதிக்கக் கூடுகிறது என்கிறீர்கள். டயருக்கு ஆக்ஸிலரேட்டர் தெரியாது. இழுவை போகும் வழியில் உள்ள ஏதோ ஒன்றுதான் அதை உணரும்.

டபுள் கேப் ஹைலக்ஸில் பின் ஷாஃப்ட் இரண்டு துண்டு, நடுவில் ரப்பரில் தொங்கும் சென்டர் பேரிங். மூன்று கிராஸ் (யூனிவர்சல் ஜாயின்ட்): கியர் பக்கம் ஒன்று, சென்டர் பேரிங்குக்குப் பின்னால் ஒன்று, கிரௌன் (பின் அச்சின் நடுவில் உள்ள டிஃபரன்ஷியல்) வாயில் ஒன்று. லிஃப்ட் போட்டால் சேஸிஸ் மேலே போகிறது, சென்டர் பேரிங்கும் அதோடு போகிறது, அச்சு மட்டும் தரையோடு நிற்கிறது. கோணம் முழுக்க பின் துண்டில் வந்து விழுகிறது. ஒரு மீட்டர் துண்டு என்றால் ஒவ்வொரு 17 மி.மீ.க்கும் ஒரு டிகிரி.

கோணம் ஏறினால் என்ன ஆகும் என்பதைக் கையிலேயே பார்க்கலாம். சாக்கெட் செட்டில் இருக்கும் யூனிவர்சல் ஜாயின்ட்டை நன்றாக வளைத்துப் பிடித்துச் சுழற்றுங்கள். ஒரு சுற்றில் இரண்டு முறை முட்டி முட்டிப் போகும். உள்ளே ஒரே சீராகப் போகும் சுற்று வெளியே இரண்டு முறை வேகம் கூடி, இரண்டு முறை குறைந்து வருகிறது. அடுத்த கிராஸ் அதே கோணத்தில் இருந்தால் இதை எதிர்ப்பக்கமாகச் செய்து சமன் செய்துவிடும். கோணம் வேறானால் மிச்சம் அப்படியே கிரௌனுக்குப் போகும். போதாக்குறைக்கு, கோணத்தில் நிற்கும் கிராஸ் வழியாக டார்க் போகும்போது ஷாஃப்ட்டைப் பக்கவாட்டிலும் தள்ளும். கிளம்பும்போதுதான் டார்க் அதிகம், அதனால்தான் முதல் கியரில் சென்டர் பேரிங் ரப்பரே உதறுகிறது.

கடையில் காசு கொடுக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். பின் தொட்டியில், அச்சுக்கு நேர் மேலே, 250-இலிருந்து 300 கிலோ மணல் மூட்டை ஏற்றி, நன்றாகக் கட்டிவிட்டு, அதே சிக்னலில் அதே மாதிரி மிதித்துக் கிளம்புங்கள். உதறல் பெரிய அளவில் குறைந்தால் நோய் கோணம்தான். குறையவே இல்லை என்றால் கிராஸ், சென்டர் பேரிங் ரப்பர், எஞ்சின் மவுண்ட் என்று தேட வேண்டும்.

அடுத்தது அளவு. செல்பேசியில் சாய்வுமானி இருக்கும். வண்டி சமதளத்தில், நான்கு சக்கரமும் தரையில், வழக்கமான சாமானோடு நிற்க வேண்டும். ஜாக்கியில் அச்சைத் தொங்கவிட்டு எடுத்த கோணம் எதற்கும் உதவாது. கைப்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்துவிட்டு அடியில் போங்கள். கியர் பக்க ஃபிளாஞ்ச் (ஷாஃப்ட்டை போல்ட் போடும் தட்டு), முன் துண்டு, பின் துண்டு, கிரௌன் ஃபிளாஞ்ச் ஆகிய நான்கின் சாய்வையும் ஒரே திசையில் எழுதிக்கொள்ளுங்கள். ஃபிளாஞ்ச்சில் செங்குத்து முகத்தில் வைத்தால் 90 கழிக்க வேண்டும். இரண்டு துண்டின் நீளமும் வேண்டும். பின் துண்டின் இரு முனையில் உள்ள யோக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவை) ஒரே தளத்தில் நிற்கிறதா என்றும் பாருங்கள். ஸ்பிளைனை (ஷாஃப்ட்டின் பல் இணைப்பை) கழற்றி மாற்றி மாட்டியிருந்தால் நாம் பேசுவதெல்லாம் வீண்.

பாலையூரான்

அண்ணா, இவ்வளவு விளக்கமாக எழுதியதற்கு மிக்க நன்றி. மணல் மூட்டைச் சோதனை செய்தேன். உதறல் முழுக்கப் போகவில்லை, ஆனால் தெரியாதவர் உட்கார்ந்தால் கவனிக்க மாட்டார். அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது.

அளவுகள், எல்லாமே பின்பக்கம் நோக்கிக் கீழிறங்கும் சாய்வு: கியர் ஃபிளாஞ்ச் 3, முன் துண்டு 3.5, பின் துண்டு 9.5, கிரௌன் 6. மூட்டையோடு பின் துண்டு 7.5, கிரௌன் 5. முன் துண்டு ஏறத்தாழ 60 செ.மீ., பின் துண்டு ஒரு மீட்டர். யோக் இரண்டும் ஒரே தளத்தில்தான் இருக்கின்றன. பின் ஃபெண்டர் உயரத்தைப் பழைய படத்தோடு ஒப்பிட்டால் 50 இல்லை, 70-க்கு மேலேயே ஏறியிருக்கிறது.

ஷாஃப்ட் பட்டறை

அருமை தம்பி, இப்படி அளந்து கொடுத்தால் வேலை பாதி முடிந்தது.

கழித்துப் பாருங்கள். முதல் கிராஸ் அரை டிகிரி, நடுக் கிராஸ் 6, பின் கிராஸ் 3.5. நடுவும் பின்னும் ஒரு டிகிரிக்குள் ஒத்துப் போக வேண்டும், உங்களுக்கு இரண்டரை டிகிரி வித்தியாசம். மிச்சக் கோணம் என்று ஒரு கணக்கு உண்டு: இரண்டின் வர்க்கத்தையும் கழித்து வர்க்கமூலம் எடுப்பது. 36-இல் 12.25 போக 23.75, அதன் மூலம் 4.9. மூன்றுக்கு மேல் போனால் வண்டியில் உணர முடியும் என்பது நாங்கள் பட்டறையில் வைத்திருக்கும் எல்லை. மூட்டை ஏற்றியபோது நடு 4, பின் 2.5, மிச்சம் 3.1. உங்கள் இருக்கை சொன்னதும் கணக்கு சொல்வதும் ஒன்றாகவே இருக்கிறது.

உங்கள் ஷாஃப்ட் நன்றாகத்தான் இருக்கிறது. பட்டைதான் உங்கள் வேலைக்குப் பொருந்தவில்லை. 300 கிலோ நிரந்தரச் சுமை என்றால் கூண்டு, பெரிய தண்ணீர் டேங்க், ஜெனரேட்டர் என்று எப்போதும் தொட்டி நிறைந்திருக்கும் வண்டிக்கு. அந்தச் சுமையோடுதான் அது 50-க்கு வந்து உட்காரும். வெறும் வண்டிக்கு அதை விற்பது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வழக்கம். வண்டி கம்பீரமாக நிற்கும், கோணம் கெடும், வெறும் வண்டியில் முதுகும் கெடும்.

செய்ய வேண்டியது: குறைந்த சுமை வகைப் பட்டைக்கு மாறுங்கள், பின்பக்கம் 25 மி.மீ. போல இறங்கும். அப்புறம் சென்டர் பேரிங் பிராக்கெட்டுக்கும் சேஸிஸ் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே 10 மி.மீ. பேக்கிங் கொடுத்து அதைக் கீழே இறக்குங்கள். இதில் முன் துண்டு ஒரு டிகிரி சாயும், பின் துண்டு அரை டிகிரிக்குச் சற்று மேல் நிமிரும். நடுக் கிராஸுக்கு இரண்டும் சேர்ந்து ஒன்றரை டிகிரி லாபம். முதல் கிராஸ் ஒன்றரைக்கு வரும், அதற்கு மேல் ஆசைப்பட்டு 20, 25 மி.மீ. இறக்காதீர்கள், உதறல் முன்னால் இடம் மாறிவிடும்.

அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே ஆப்பு வைக்கச் சிலர் சொல்வார்கள். தடித்த பக்கம் முன்னால் வருமாறு இரண்டு டிகிரி ஆப்பு வைத்தால் கிரௌன் மூக்கு இறங்கி, பின் கிராஸும் 5.5 ஆகும். நடுவும் பின்னும் ஒத்துப்போகும், உண்மைதான். ஆனால் இரண்டு கிராஸும் ஆறு டிகிரியை ஒட்டி ஓடும், ஆயுள் குறையும், பக்கவாட்டுத் தள்ளல் அப்படியே நிற்கும். நான் அதைக் கடைசி வழியாகத்தான் வைப்பேன். வைத்தாலும் இரும்பு ஆப்பு, அலுமினியம் வேண்டாம், நசுங்கி உடையும்.

100-இல் வரும் நடுக்கத்துக்கு: முன் சக்கரங்களைப் பின்னால் போட்டுப் பாருங்கள். நடுக்கம் ஸ்டியரிங்கிலிருந்து சீட்டுக்கு மாறினால் டயர் அல்லது ரிம். 100-இல் உங்கள் சக்கரம் நொடிக்குச் சுமார் 11 சுற்று, கிரௌன் விகிதம் 3.9 என்றால் ஷாஃப்ட் சுமார் 43 சுற்று. செல்பேசியில் அதிர்வு அளக்கும் செயலி இருந்தால் எந்த எண் எழுகிறது என்று பாருங்கள், சண்டையே வேண்டாம்.

குறிஞ்சி (பெர்த்)

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், இது உதறலைவிட முக்கியம். பழைய ஹைலக்ஸ் பலவற்றில் பின் அச்சிலிருந்து ஒரு கம்பி சேஸிஸில் உள்ள பிரேக் வால்வுக்குப் போகும். தொட்டியில் எவ்வளவு சுமை என்று அச்சின் தூரத்தை வைத்துக் கண்டுபிடித்து, பின் பிரேக்குக்கு அழுத்தம் கொடுப்பது அதன் வேலை. லிஃப்ட் போட்டதும் வண்டி எப்போதும் காலி என்று அது நினைத்துக்கொள்ளும், பின் பிரேக் குறைந்துவிடும். உங்கள் வண்டியில் அந்தக் கம்பி இருந்தால் லிஃப்ட்டுக்கு ஏற்ப பிராக்கெட்டைச் சரிசெய்தார்களா என்று கேளுங்கள். பிரேக் ஹோஸ் முழு இறக்கத்தில் இழுபடுகிறதா என்பதையும், ஹெட்லைட் எதிரே வருபவர் கண்ணில் அடிக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பாலையூரான்

பட்டை மாற்றியாகிவிட்டது, சென்டர் பேரிங்குக்கு 10 மி.மீ. பேக்கிங்கும் போட்டாயிற்று. இப்போது முன் துண்டு 4.5, பின் துண்டு 7.5, கிரௌன் 5. அதாவது ஒன்றரை, மூன்று, இரண்டரை. அழுத்தி மிதித்தாலும் உதறல் இல்லை! வாதிக் கல்லிலும் அடி தட்டவில்லை.

100-இல் இருந்தது டயர்தான், தோஹா நண்பர் சொன்னது சரி. முன்பின் மாற்றியதும் நடுக்கம் சீட்டுக்குப் போனது. கடையில் சுழற்றிப் பார்த்ததில் ஒரு டயர் வட்டமாகவே இல்லை, மாற்றித் தருகிறார்கள். பெர்த்தில் இருந்து எழுதியவருக்கும் நன்றி, என் வண்டியில் அந்தக் கம்பி இருக்கிறது, யாரும் தொடவில்லை. நாளை அதற்குத்தான் போகிறேன்.

ஷாஃப்ட் பட்டறை

மிச்சக் கோணம் 1.7 வருகிறது, இனி உதறாது. மகிழ்ச்சி தம்பி.

பட்டறைக்குப் போகும்போது இன்னும் சில வேலை இருக்கிறது. பேக்கிங் போட்டபோது சென்டர் பேரிங் போல்ட்டை 10 மி.மீ. நீளமானதாக மாற்றினார்களா? பழைய போல்ட்டையே முறுக்கியிருந்தால் சில புரிதான் பிடித்திருக்கும், நாளைக்கே மாற்றுங்கள். பட்டைக் கண் புஷ் போல்ட்டுகளை வண்டி தரையில் நிற்கும்போதுதான் கடைசியாக முறுக்க வேண்டும், தொங்கலில் முறுக்கியிருந்தால் தளர்த்தி மறுபடி முறுக்கச் சொல்லுங்கள். அச்சைப் பட்டையோடு பிடிக்கும் யூ போல்ட்டை 1,000 கி.மீ. ஓடியதும் டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். வாதித் தண்ணீரில் இறங்கி வந்தால் கிராஸுக்கு கிரீஸ் அடித்துவிடுங்கள், பழைய கிரீஸ் வெளியே வரும்வரை.

பழைய பட்டையை விற்காமல் வைத்திருந்தால், தொட்டியில் டேங்க் ஏற்றும் வேலை யாருக்காவது இருக்கிறதா என்று கேட்டுக் கொடுங்கள். அவர்களுக்கு அது சரியான பட்டை.