புதுப்பிப்பு: பாலிசி ரத்தாகும் முன்பே தரகருக்குத் தகவல் வர வழி கிடைத்தது

மருத்துவக் காப்பீட்டு வாடிக்கையாளர்களின் பாலிசி, தவணை தவறி ரத்தான பிறகே எங்கள் தரகு அலுவலகத்துக்குத் தெரியவருகிறது. முன்கூட்டியே அறிய வழி உண்டா என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

பலன் தந்தது, வாடிக்கையாளரிடம் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்கி எங்கள் மின்னஞ்சலையும் நினைவூட்டல் முகவரியாகச் சேர்க்கச் சொன்ன யோசனைதான். காப்பீட்டு நிறுவனத்தின் கிளை மேலாளர் முதலில் தயங்கினார். ஒப்புதல் கடிதங்களைப் பார்த்ததும் சேர்த்துக்கொண்டார். இப்போது அறிவிப்பின் நகல் எங்களுக்கும் வருகிறது.

எதிர்பாராத ஒன்று: புதுப்பித்தல் பட்டியலில் (பாலிசி ஆண்டு முடியப்போகிறவர்களின் பட்டியல்), வங்கிக் கணக்கில் பணமின்றித் தவணை திரும்பியவர்களின் பெயர் இருப்பதில்லை. அவர்களுடைய பாலிசி ஆண்டுதான் இன்னும் முடியவில்லையே! செலுத்தப்படாத தவணைகளின் பட்டியலைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இந்தியாவில் மாதத் தவணைக்குச் சலுகைக் காலம் (கெடு தாண்டிய பின்னும் பணம் கட்டத் தரும் அவகாசம்) 15 நாள்தான். காலாண்டு, அரையாண்டு, ஆண்டு பிரீமியத்துக்கு 30 நாள். தவணையாகக் கட்டுவோருக்கு அந்த நாட்களிலும் காப்பீடு உண்டு. தவணையை அதற்குள் கட்டவைத்துவிட்டால் பாலிசி தப்பிவிடும், அதனால் இந்தப் பட்டியலில் இருப்பவர்களையே முதலில் தொலைபேசியில் அழைக்கிறோம்.