ஆர்எக்ஸ் 100 மண் ஓட்டத்துக்கு: பாதி முறுக்கில் திணறல், விட்டால் ரேஸ் இறங்கவில்லை

செம்மண்புழுதி:
யமஹா ஆர்எக்ஸ் 100, மிகுனி விஎம்20 கார்பரேட்டர். எக்ஸ்பான்ஷன் சேம்பர் சைலன்சர், ஃபோம் ஃபில்டர் மாட்டியாச்சு, ஜெட் (கார்பரேட்டருக்குள்ள பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கிற, துளை போட்ட சின்ன திருகு) எதுவும் மாத்தலை. பாதி முறுக்கில் திணறுது. கையை விட்டால் ரேஸ் மெதுவாத்தான் இறங்குது. ஏர் ஸ்க்ரூ மூணு சுற்று வெளியே. எந்த ஜெட் போடலாம்?

கிராங்க்சீல்:
ஜெட் வாங்குறதுக்கு முன்னாடி எங்கேயாவது ஓட்டை வழியா காத்து இழுக்குதான்னு பாருங்க. ரேஸ் இறங்காம தொங்கினா முதல் சந்தேகம் அதுதான். ஐடிலிங்ல மேனிஃபோல்ட் ரப்பர் (கார்பரேட்டரை எஞ்சினோட சேர்க்கிறது), ரீட் பிளாக் (கலவை எஞ்சினுக்குள்ள போற ஒருவழி வால்வு) கேஸ்கெட் ஓரமா கார்ப் கிளீனர் கொஞ்சமா அடிங்க (சூடான சைலன்சர்ல படாம). சத்தம் மாறினா அங்கே ஓட்டை. மேக்னட் பக்க கிராங்க் சீலையும் (கிராங்க் தண்டைச் சுத்தி இருக்கிற ரப்பர் வளையம்) அப்படியே பாருங்க. கிளட்ச் பக்க சீல் போனா அடையாளமே வேற: கியர் ஆயில் குறையும், வெள்ளைப் புகை தள்ளும்.

மெயின்ஜெட்:
அண்ணன் சொன்னதை முடிச்சிட்டு வாங்க. மூணு சுற்று ரொம்ப அதிகம் ப்ரோ. இதுல ஏர் ஸ்க்ரூ ஃபில்டர் பக்கம் இருக்கு, வெளியே திருப்பினா காத்து கூடும், கலவை மெலியும் (பெட்ரோல் பங்கு குறையும்). உள்ளே முழுசா மூடி (இறுக்க வேண்டாம், ஸ்க்ரூ முனை கெட்டுடும்) ஒன்றரை சுற்று வெளியே எடுங்க.

கிரிப்ல டேப் ஒட்டி கால், அரை, முக்கால்னு கோடு போடுங்க. முதல்ல மெயின் ஜெட்: முக்காலுக்கு மேல அதுதான் பேசும். இப்ப இருக்கிறதை விட நாலு சைஸ் பெருசுல ஆரம்பிங்க. சூடான எஞ்சின், முழு முறுக்கு. ஃபோர் ஸ்ட்ரோக் மாதிரி பொடபொடன்னு அடிச்சா கலவையில் பெட்ரோல் அதிகம். ஒவ்வொரு சைஸா இறக்கி, சுத்தமா இழுக்கிற இடத்துக்கு ஒரு சைஸ் மேலேயே நிறுத்துங்க. சிறுசா விட்டா பிஸ்டன் ஜாம்.

அடுத்து கால் முதல் முக்கால் வரை நீடில் (முறுக்கும்போது கார்பரேட்டருக்குள்ள ஏறி இறங்குற ஊசி). கிளிப்பை ஒரு காடி கீழே போட்டா ஊசி உயரும், பெட்ரோல் கூடும். உங்க திணறல் பெரும்பாலும் இங்கதான். உறுதி பண்ண, பாதி முறுக்கில் சோக்கை லேசா இழுங்க. தேறினா மெலிவு, மோசமானா பெட்ரோல் அதிகம்.

கடைசியா பைலட் ஜெட் (ஐடிலிங்குக்குப் பெட்ரோல் தர்றது). ஏர் ஸ்க்ரூல ஐடிலிங் நல்லா நிக்கிற இடம் ஒரு சுற்றுக்குள்ள வந்தா பெரிய பைலட், ரெண்டரையைத் தாண்டினா சின்னது.

செம்மண்புழுதி:
ஆயில் பம்பைக் கழட்டியாச்சு, லிட்டர் பெட்ரோலுக்கு 25 மில்லி ஆயில் கலக்குறேன். ஜெட்டுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டா?

கிராங்க்சீல்:
உண்டு. 25 மில்லின்னா 40:1. ஆயிலைக் கூட்டினா அந்த அளவுக்குப் பெட்ரோல் குறையும், கலவை மெலியும். பலர் தலைகீழா நினைக்கிறாங்க. கலப்பு அளவை முடிவு பண்ணிட்டு அப்புறம் ஜெட்டைத் தொடுங்க. இ20 (20% எத்தனால் கலந்த) பெட்ரோலும் மெலிவு பக்கமே தள்ளும். டூப்ளிகேட் ஜெட்ல பொறிச்ச நம்பரை நம்பாதீங்க, துளையை டிரில் போட்டுப் பெருசாக்கவும் வேண்டாம்.