‘போர்ச்சு’ எனலாமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

உக்ரைனின் ‘போர்ஷ்ட்’ (borscht) என்னும் சூப் வகை உணவுக்குத் தமிழில் என்ன பெயர் இடலாம் என்ற நம் உரையாடலில் முன்மொழியப்பட்ட ‘பீட்ரூட் சாறு’, ‘செங்கிழங்கு ரசம்’ ஆகிய இரண்டுக்கும் என்னால் உடன்பட இயலவில்லை. முன்னது கிழங்கைப் பிழிந்து குவளையில் குடிக்கும் சாற்றையே நினைவூட்டுகிறது. பின்னதோ, முட்டைக்கோசும் உருளைக்கிழங்கும் பெரும்பாலும் இறைச்சியும் சேர்ந்து, மேலே ஒரு கரண்டி புளித்த பாலேடு மிதக்க வரும் கனத்த உணவை நீர்த்துப்போகச் செய்கிறது.

அதைவிடப் பெரிய தடை, பீட்ரூட்டே இல்லாத போர்ஷ்டும் இருப்பதுதான். இளவேனிலில் புளிப்புக் கீரையும் அவித்த முட்டையும் இட்டுச் செய்யும் பச்சை வகைக்கும் இதே பெயர்தான். பெயரின் வேரும் கிழங்கில் இல்லை. அது ஸ்லாவிய மொழிகளில் ஒரு காட்டுச் செடியைக் குறித்த சொல். அச்செடியின் தண்டையும் இலையையும் நீரில் ஊறவைத்துப் புளிக்கவிட்டுக் காய்ச்சியதற்கு ஏறிய பெயர், செடி போய்ப் பீட்ரூட் வந்த பின்னும் மாறவில்லை. எள்ளின் நெய்யைக் குறித்த ‘எண்ணெய்’யைத் தேங்காய்க்கும் கடலைக்கும் கூசாமல் வழங்கும் நமக்கு இது வியப்பாகாது. ஆகவே மொழிபெயர்ப்பை விட்டு ஒலிபெயர்ப்பையே கொள்வோம்.

எந்த ஒலியை? ஆங்கில வடிவின் இறுதி ‘ட்’, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் இத்திய (Yiddish) மொழி வழியாக வந்தது. உக்ரைனியர் ‘ஷ்ச்’ என்றே முடிக்கின்றனர். யுனெஸ்கோ 2022 ஜூலையில் இதன் சமையல் மரபை உடனடிப் பாதுகாப்பு வேண்டும் மரபுகளின் பட்டியலில் உக்ரைனின் பெயரில் சேர்த்திருப்பதால், அவர்கள் ஒலிப்பையே பின்பற்றுவது முறை. அதைத் தமிழ் நாவுக்கு ஏற்பத் திருத்தினால் ‘போர்ச்சு’ என்றாகும். ‘ர்ச்ச’ என்னும் மெய்யெழுத்துச் சேர்க்கை உணர்ச்சியிலும் வளர்ச்சியிலும் இருப்பதே. ‘பொர்ச்சு’ என்று குறுக்கலாமே என்றால், தனிக்குறிலை அடுத்து ரகர ஒற்று வராது என்ற தொல்காப்பிய விதி தடுக்கிறது.

போர்ச்சுகல் நாட்டு உணவென்று சிலர் மயங்கக்கூடும் என்பதை ஒப்புகிறேன். ஆனால் சட்டியும் கிண்ணமும் அருகில் வரும் சொற்றொடரில் அம்மயக்கம் நிற்காது. இறுதி உகரம் குற்றியலுகரம் ஆதலால் ‘போர்ச்சை’, ‘போர்ச்சில்’, ‘போர்ச்சுச் சட்டி’ என்று வேற்றுமையும் புணர்ச்சியும் இடறாமல் அமைகின்றன. ‘போர்ஷ்ட்’டில் ஐ உருபைச் சேர்த்து எழுதிப் பாருங்கள்.