ஹமில்டனுக்கு ஃபெராரி என்ன விலை குடுத்திச்சு?

தம்பி: மாமா, எஃப்1 கார் ரேஸ் ஓட்டுநர் ஹமில்டன எடுக்க ஃபெராரி டீம் அவரோட பழைய டீம் மெர்சிடிஸுக்கு எவ்வளவு குடுத்திச்சு? ஃபுட்போல் மாதிரி பழைய டீமுக்குக் குடுக்கிற டிரான்ஸ்ஃபர் காசு உண்டுன்னு இங்க போடிங்ல ஒருத்தன் அடம்பிடிக்கிறான்.

ஹட்டன் மாமா: அந்த மாதிரிச் சந்தை அங்க இல்லடா. அவரு ஒப்பந்தத்துலயே விலகிக்கிறதுக்கு வழி இருந்திச்சு. 2024 பெப்ரவரியில சொன்னாரு, அந்த சீசன் முழுக்க மெர்சிடிஸுக்கே ஓடிட்டு 2025ல போனாரு.

அக்கா: அப்ப காசே கைமாறாதா?

ஹட்டன் மாமா: மாறும். பல தடவ அது வெளிய போறவன் கைக்குத்தான் போகும். 2022ல மெக்லாரன் டீம் பியாஸ்ட்ரிங்கிற புதுப் பொடியன எடுக்க, அங்க ஓடின ரிக்கார்டோவுக்கு ஒப்பந்தத்துல இன்னும் ஒரு வருசம் பாக்கி. நட்டஈடு குடுத்துத்தான் அனுப்பினாங்க. 2009ல ஃபெராரியும் அலோன்சோவுக்காக ரைக்கோனன அப்படித்தான் அனுப்பிச்சு.

தம்பி: பியாஸ்ட்ரிய பழக்கினது அல்பைன் டீம் தானே?

ஹட்டன் மாமா: ஆமா, அதுதான் எனக்கு ஆறல. பழைய கார்ல எத்தனையோ டெஸ்ட் ஓடவிட்டாங்க. ஆகஸ்ட் 1ல அல்பைன்ல ஓடின அலோன்சோ அஸ்டன் மார்ட்டின் டீமுக்குப் போறாருன்னு வந்திச்சு. மறுநாள் அல்பைன் "பியாஸ்ட்ரிதான் வாறாரு"ன்னு அறிவிச்சா, பொடியன் அன்னிக்கே ட்விட்டர்ல "நான் ஓடமாட்டேன்"னுட்டான். எஃப்1 ஒப்பந்தத்துக்குன்னே ஒரு சபை இருக்கு. மெக்லாரன் ஒப்பந்தம் மட்டுந்தான் செல்லும்னு செப்டம்பர் 2ல தீர்ப்பு.

தாத்தா: முந்தி தேயிலைத் தோட்டத்துலயும் இப்படி ஆள் மாத்த 'துண்டு'ன்னு ஒண்ணு இருந்திச்சு. ஆளுகளோட கடன தோட்டத்து தொரை ஒரு கடதாசியில எழுதிக் குடுப்பாரு. ஆளுகளுக்குத் தலைவரா இருக்கிற கங்காணி அதக் கொண்டுபோய்க் காட்டுவாரு, புதுத் தோட்டம் கடனக் கட்டினாத்தான் ஆள விடுவாங்க. 1921ல நிப்பாட்டினாங்க.

ஹட்டன் மாமா: அதுல கடன் ஏழை தலையில விழுந்திச்சுப்பா, அது அநியாயம். நான் கேக்கிறது டீமும் டீமும் தீர்த்துக்கிற காசு. ஃபுட்போல்ல 12 வயசுலேருந்து 23 வரைக்கும் பழக்கின கழகங்களுக்கு டிரான்ஸ்ஃபர் காசுல 5 வீதம் பிரிச்சுக் குடுக்கணும்னு ஃபிஃபா சட்டமே இருக்கு. அத மாதிரி இங்கயும் வரணும்.

அக்கா: வந்தா புதுப் பொடியன எடுக்க சின்ன டீம் இன்னும் யோசிக்குமே மாமா. 2021ல எஃப்1க்கு அடுத்த கீழ்ப்படியான எஃப்2 வென்ற பியாஸ்ட்ரியே அடுத்த வருசம் எஃப்1ல சீட் இல்லாம இருந்தாரு. டீம்களுக்கு 2021ல வந்த செலவு வரம்புலயும் ஓட்டுநர் சம்பளம் சேராது. பெரிய டீம் எவ்வளவும் குடுக்கும், சின்னது எங்க போகும்?

ஹட்டன் மாமா: அதுவும் நியாயந்தான். அப்ப பழக்க ஆரம்பிக்கிற அன்னிக்கே ஒழுங்கா ஒப்பந்தம் எழுதிக்கணும். அல்பைன் கோட்டைவிட்டது அங்கதான்.