பியானோ நொட்டேஷனை எழுத்துக்கூட்டாமல் வாசிக்கக் கற்ற அனுபவங்கள்

திருச்சியிலிருந்து:

சிறுவயதிலிருந்து கர்நாடக இசை பாடி வந்த நான், 38ஆம் வயதில் பியானோ வகுப்பில் சேர்ந்தேன். மூன்றாம் ஆண்டில் தேர்வுக்குச் சென்றபோது, மாதக்கணக்கில் பழகிய மூன்று உருப்படிகளையும் தடுமாற்றமின்றி வாசித்து முடித்தேன். அதன்பின் நான் அதுவரை கண்டிராத ஒரு சிறு பகுதியை முன்னால் வைத்து, அரை நிமிடம் பார்த்துவிட்டு வாசிக்கச் சொன்னார்கள். இரண்டாவது பாரை, அதாவது கோடு போட்டுப் பிரித்த இரண்டாவது தாளப் பகுதியைத் தாண்ட என்னால் இயலவில்லை. வீட்டுக்குத் திரும்பும் வழியில்தான் உண்மை உறைத்தது: அந்த மூன்று உருப்படிகளையும் நான் தாளைப் பார்த்து வாசிக்கவே இல்லை. ஆசிரியர் இருமுறை வாசித்துக் காட்டினால் எனக்கு மனத்தில் பதிந்துவிடும். தாள் வெறுமனே எதிரில் நின்றுகொண்டிருந்தது. பாட்டில் எனக்குக் கைகொடுத்த கேள்வி ஞானமே இங்கே கண்ணைப் பழகவிடாமல் தடுத்திருக்கிறது.

இன்னொரு தவறும் செய்திருந்தேன். தொடக்கத்தில் ஒவ்வொரு குறியின் கீழும் ச, ரி, க என்று பென்சிலால் எழுதிக்கொள்வேன். சி என்ற கட்டையை ஆதாரமாகக் கொண்ட சி மேஜரில் அது பொருந்தியது. எஃப் மேஜர் வந்ததும், என் காது எஃப்பை ஷட்ஜமாக (ச) எடுத்துக்கொள்ள, பென்சில் எழுத்தோ அதை மத்யமம் (ம) என்றது. நம் ஸ்வரங்கள் ஆதார ஷட்ஜத்தோடு சேர்ந்து இடம் மாறுபவை. குறிகளை எழுதும் ஸ்டாஃபின் ஐந்து கோடுகளோ குறிப்பிட்ட கட்டைகளைச் சுட்டுபவை. இந்த வேறுபாட்டை உணராமல் எழுத்துக்களை நம்பியிருந்ததால், தாளின்மீது பார்வை பட்டாலும் குறியைப் பார்க்காமல் அதன் கீழிருந்த எழுத்தையே படித்துக்கொண்டிருந்தேன்.

எழுத்துக்களை அழித்துவிட்டு மூன்று இடங்களை மட்டும் மனத்தில் நிறுத்தினேன். ஸ்டாஃபின் தொடக்கத்தில் வரும் ட்ரெபிள் கிளெஃப் என்ற குறி ஜி என்ற எழுத்திலிருந்து உருவானது. அதன் சுழி கீழிருந்து இரண்டாம் கோட்டைச் சுற்றி, இதுவே ஜி என்று காட்டுகிறது. நான் பாடும் ஐந்து கட்டை சுருதியும் ஜி என்பதால், அந்தக் கோட்டைப் பார்த்தவுடன் ஒலி உள்ளே கேட்கத் தொடங்கியது. தாழ்ந்த சுரங்களுக்கான பேஸ் கிளெஃபின் இரு புள்ளிகளுக்கு நடுவிலுள்ள கோடு எஃப். மூன்றாவது இடம் பியானோவின் நடுவிலுள்ள ‘நடு சி’. அதையும் சேர்த்து எண்ணினால் மேலே ஐந்தாவது அந்த ஜி, கீழே ஐந்தாவது அந்த எஃப். மற்ற குறிகளை இவற்றிலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கின்றன என்று பார்த்தே வாசிக்கிறேன். கோட்டிலிருந்து அதையொட்டிய இடைவெளிக்குப் போனால் பக்கத்து விரல். கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குப் போனால் நடுவில் ஒரு சுரத்தைத் தாண்ட வேண்டும். மூன்று குறிகள் அடுத்தடுத்த கோடுகளில் அடுக்காக நின்றால், மூன்றின் பெயரையும் சொல்லிப் பார்க்காமலே கை அந்த வடிவத்தை எடுத்துக்கொள்கிறது. ‘வணக்கம்’ என்ற சொல்லை யாரும் ஐந்து எழுத்தாகப் பிரித்துப் படிப்பதில்லை அல்லவா? தமிழில் புத்தகத்தையும் வாசிக்கிறோம், வீணையையும் வாசிக்கிறோம்; அந்த இரண்டு வாசிப்பும் ஒரே நேரத்தில் நிகழ வேண்டும் என்பதே என் ஆசையாக இருக்கிறது.

பாளையங்கோட்டையிலிருந்து:

ஆலயத்தில் இருபது ஆண்டுகளாக ஆர்கன் வாசித்து வருகிறேன். கீர்த்தனைகளைக் காதால் கேட்டே வாசித்துவிடலாம். மேலைநாட்டு மெட்டில் பாடும் பாமாலைகளுக்கோ, மேலிருந்து கீழாக சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என நான்கு குரல்களும் எழுதப்பட்ட புத்தகம் உண்டு. என் முதல் ஞாயிறு ஆராதனையில், மூன்றாம் வரியில் தவறான கட்டையை அழுத்திவிட்டு, அதைத் திருத்துவதற்காக நின்றேன். சபையார் நிற்கவில்லை. அவர்கள் அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள். அவர்களை நான் பிடிக்கவே முடியவில்லை.

வகுப்பில் தவறியவுடன் நின்று திருத்தும் பழக்கம்தான் அன்று என் கைகளை நிறுத்தியது. அதன்பின் வீட்டில் புதிய பாட்டைப் பார்க்கும்போது, கால் தாளத்தை நிறுத்தாது என்ற ஒன்றையே விதியாக வைத்தேன். நான்கு குரல்களும் கைக்கு எட்டாவிட்டால் நடு இரண்டையும் விட்டுவிட்டு, பேஸையும் மெட்டையும் மட்டும் காப்பேன். ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும் குறிகளின் அடுக்கைக் கீழிருந்து மேலாகப் பார்ப்பதும் எனக்கு உதவியது, ஏனெனில் பேஸ் தெரிந்துவிட்டால் மேலே உள்ளவை பெரும்பாலும் எந்தக் கார்டை (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டத்தை) சேர்ந்தவை என்று புரிந்துவிடுகிறது. கண் எப்போதும் கைக்கு ஓரிரு தட்டுகள் முன்னே போக வேண்டும். நீண்ட குறி ஒன்றை அழுத்திப் பிடித்திருக்கும் நேரமே அடுத்ததைப் பார்ப்பதற்கான நேரம்.

கோயம்புத்தூரிலிருந்து:

எனக்கு இருந்த தடை வேறு. கை தாவ வேண்டிய ஒவ்வொரு இடத்திலும் விரல்களைக் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தால் விட்ட இடம் கிடைக்காது. என் ஆசிரியை கைகளுக்கு மேலே ஒரு துண்டை விரித்துவிட்டார். கறுப்புக்கட்டைகள் இரண்டும் மூன்றுமாகக் கூட்டம் கூட்டமாக இருப்பதை விரல்நுனியால் தடவியே இடம் கண்டுபிடிக்க ஆறு வாரங்கள் ஆயின.

மீண்டும் திருச்சியிலிருந்து:

இருவருக்கும் நன்றி. மனப்பாடம் ஆகிவிடும் என்ற என் தொல்லைக்கு நான் கண்ட வழியையும் சொல்கிறேன். ஹங்கேரிய இசையமைப்பாளர் பேலா பார்டோக் 1926 முதல் 1939 வரை எழுதிய ‘மிக்ரோகாஸ்மாஸ்’ ஆறு பகுதிகளாக 153 உருப்படிகளைக் கொண்டது. முதல் பகுதியில் உள்ளவை மிக எளியவை. ஆனால் அடுத்து என்ன வரும் என்று என் காது ஊகிக்க அவை இடம் தருவதில்லை. எனவே கண் தாளைவிட்டு அகல முடியாது. நாள்தோறும் பத்து நிமிடம், புதிதாக இரண்டு, தாளம் தட்டும் கருவியான மெட்ரோனோமை மெதுவாக வைத்து, ஒவ்வொன்றும் இரண்டே முறை. மூன்றாம் முறை வாசித்தால் மனத்தில் பதிந்துவிடும் என்பதால் பக்கத்தைப் புரட்டிவிடுகிறேன். தேர்வில் நின்ற இடத்தைப் போன்ற பகுதிகளை இப்போது நிற்காமல் கடக்கிறேன், இடது கை தாவும் இடங்கள் தவிர. நேற்று அலமாரியிலிருந்து துண்டு ஒன்றை எடுத்தும், தெரிந்தவர் ஒருவரிடமிருந்து பாமாலைப் புத்தகம் ஒன்றை வாங்கியும் வைத்திருக்கிறேன்.